பழத்தைத் துப்பும் குழந்தைக்குப் பழ மஃபின்: சேலம் வெயிலுக்கும் ஏற்காடு குளிருக்கும் முழுமையான வழிகாட்டி

பழம் போட்ட மஃபினைக் குழந்தை துப்பினால், காரணம் பெரும்பாலும் நாக்கில் தட்டுப்பட்ட ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். வாழைப்பழத்தின் ஒரு கட்டி, மாம்பழ நாரின் ஓர் இழை, ஒரே ஒரு கொய்யா விதை, நடுவில் வேகாமல் நின்ற ஈரம். பெரியவர்கள் கவனிக்காமல் விழுங்கிவிடுவார்கள். சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடும். அதன்பின் அதே தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, மாவைத் தொடுவதற்கு முன் பழத்தை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. மீதிப் பாதி, கலக்குவதைக் குறைப்பதும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவைப்பதும். இரண்டு வயது தாண்டிய குழந்தைகளுக்கான அளவு இது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சர்க்கரை சேர்த்த பண்டம் எதுவும் வேண்டாம்.

1. முதலில் குழந்தை எதை ஒதுக்குகிறது என்று பாருங்கள்

"பழமே பிடிக்காது" என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். மாம்பழச் சாறு குடிக்கும் பிள்ளை மாம்பழத் துண்டைத் துப்பினால் சிக்கல் நாரில் இருக்கிறது, ருசியில் இல்லை. வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தால் மறுத்து, பாலில் அடித்துக் கொடுத்தால் குடித்தால் வழவழப்புதான் பிடிக்கவில்லை. கறுப்புப் புள்ளி விழுந்த எதையும் தள்ளிவிட்டால் நிறம்தான் காரணம். பழம் வைத்த டப்பாவைத் திறந்ததுமே முகம் சுளித்தால் வாசனை.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நாருக்குச் சல்லடை, வழவழப்புக்கு நன்றாக வேகவைப்பது, நிறத்துக்குச் சோடாவின் அளவு, வாசனைக்குப் பழத்தின் ரகம். இது தெரியாமல் சர்க்கரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் புதிதாகச் செய்பவர்கள் செய்யும் முதல் தவறு. இனிப்பு கூடினாலும் நார் நார்தான்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

கீழே உள்ள அளவுக்குச் சாதாரண அச்சில் 10, சின்ன அச்சில் 20 முதல் 22 மஃபின் வரும். முதல் தடவை சின்ன அச்சில் செய்யுங்கள். இரண்டே கடியில் தீர்ந்துபோகும் அளவு குழந்தையை மிரட்டாது, நடுவில் வேகாமல் நிற்பதற்கும் வாய்ப்பு குறைவு.

மைதா: 180 கிராம்
சர்க்கரை: 80 கிராம், மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியது
பேக்கிங் பவுடர்: தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன்
ஆப்ப சோடா: தலை தட்டிய கால் டீஸ்பூன்
உப்பு: கால் டீஸ்பூன்
மசித்துச் சலித்த வாழைப்பழம்: 200 கிராம், தோல் நீக்கி எடை போட்டது
கெட்டித் தயிர்: 60 கிராம்
வாசனை இல்லாத சமையல் எண்ணெய்: 70 மி.லி.
முட்டை: 1
வெனிலா எசன்ஸ்: 1 டீஸ்பூன்

எடை மெஷின் கண்டிப்பாக வேண்டும். டம்ளர் கணக்கில் அளந்தால் மாவை அமுக்கி அள்ளும்போது ஓர் அளவு, தூவி நிரப்பும்போது இன்னோர் அளவு. போன வாரம் மெத்தென்று வந்தது இந்த வாரம் கெட்டியாக வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், இந்தக் குழந்தை "இது வேற" என்று சொல்லிவிடும். டீஸ்பூன் என்றால் 5 மி.லி. அளவுக் கரண்டி. காபி கலக்கும் ஸ்பூன் வீட்டுக்கு வீடு மாறும், சோடா விஷயத்தில் அது ஆகாது.

எண்ணெய் விஷயத்தில் செக்கு நல்லெண்ணெயும் செக்குக் கடலை எண்ணெயும் வேண்டாம். சமையலுக்கு அருமையானவை, ஆனால் மஃபினில் அந்த மணம் பழத்தை மிஞ்சி நிற்கும். சூரியகாந்தி எண்ணெய் போதும். வெண்ணெயை விட எண்ணெய் நல்லது என்பதற்கு இன்னொரு காரணம், ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் மஃபின் இறுகாமல் இருக்கும்.

தயிர் புதிதாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் புளித்துவிடும். உறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, செய்வதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள்.

முட்டை சேர்க்காத வீடு என்றால் முட்டையை விட்டுவிட்டுத் தயிரை 110 கிராமாகவும் ஆப்ப சோடாவை அரை டீஸ்பூனாகவும் ஆக்கி, பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறையுங்கள். கூடுதல் தயிரின் புளிப்புக்குக் கூடுதல் சோடா ஈடு கொடுக்கும். மேல்பக்கம் கொஞ்சம் தட்டையாக வரும், உள்ளே மெத்தென்றே இருக்கும்.

பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அரை டீஸ்பூனைச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் சரி. சோம்பலாக நாலு குமிழி வந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் மூடி சரியாகப் போடாத டப்பா சீக்கிரம் செத்துவிடும்.

3. வாழைப்பழம்: எந்த ரகம், எந்தப் பதம்

முதல் தடவைக்கு வாழைப்பழமே வையுங்கள். ஆண்டு முழுக்கக் கிடைக்கும், தானே இனிப்பு, நாரும் குறைவு. ஆனால் எல்லா வாழையும் ஒன்றல்ல.

ரஸ்தாளி ருசியில் முதலிடம், ஆனால் சில பழங்களில் நடுவே கல் மாதிரி ஒரு கட்டி இருக்கும். மசிக்கும்போது விரலில் சிக்காது, வெந்த பிறகு பல்லில் சிக்கும். கற்பூரவள்ளி நல்ல இனிப்பு, ஆனால் எப்போதாவது விதை வரும். பூவனில் லேசான புளிப்பு உண்டு, வாசனையும் கூடுதல். சாதாரணப் பச்சை வாழைதான் இந்த வேலைக்கு ஏற்றது. வாசனை மென்மை, கட்டி கிடையாது, மசித்தால் ஒரே சீராக வரும். தள்ளுவண்டியில் மூன்று நாள் கிடந்து தோல் புள்ளி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். தோல் முழுக்க மஞ்சளாக, காம்பில் பச்சை மிச்சம் இருந்தால் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறவில்லை. அந்தப் பழத்தில் செய்த மஃபின் சப்பென்று இருக்கும், நீங்களும் சர்க்கரையைக் கூட்டுவீர்கள்.

முழுக்கக் கறுத்துப்போன பழமும் வேண்டாம். அது பெரியவர்களுக்கான கேக்குக்குப் பரவாயில்லை. இங்கே நிறமும் வாசனையும் தூக்கலாகிவிடும்.

தோலை உரித்து, வெளியே ஒட்டியிருக்கும் நீளமான நாரை எல்லாம் இழுத்துப் போடுங்கள். நடுவில் வரிசையாக ஓடும் கறுப்புப் புள்ளிகள் தெரிய வேண்டாம் என்றால் பழத்தை நீளவாக்கில் பிளந்து, ஸ்பூன் முனையால் நடுக்கோட்டை வழித்துவிடலாம். நாலு பழத்துக்கு மூன்று நிமிட வேலை. நிறம் பார்த்து ஒதுக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று நிமிடம்தான் எல்லாமே.

பிறகு முள்கரண்டியால் மசித்து, ஸ்டீல் சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேயுங்கள். சல்லடையின் அடிப்பக்கம் ஒட்டி நிற்பதையும் வழித்துச் சேருங்கள். மேலே தங்குவதுதான் குழந்தை துப்பப்போவது. அதைப் பார்த்தாலே இந்த வேலை ஏன் என்று புரிந்துவிடும்.

மிக்ஸியில் அடித்தால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் காற்று ஏறி நுரைத்துப் பழம் சீக்கிரம் கறுக்கும். மிக்ஸியில் அடித்தால் உடனே தயிரில் கலந்துவிடுங்கள். தயிரின் புளிப்பு கறுப்பதைத் தள்ளிப்போடும்.

4. மாம்பழமும் மற்றப் பழங்களும்: தண்ணீரைக் குறைத்த பிறகுதான்

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ மஃபின் செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் வாழைப்பழத்துக்குச் சொன்ன 200 கிராமை அப்படியே மாம்பழக் கூழாக ஊற்றினால் மஃபின் நடுவில் களி மாதிரி நிற்கும். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மாம்பழத்தில் அதற்கும் மேலே. அந்தக் கூடுதல் தண்ணீரை அடுப்பில்தான் எடுக்க வேண்டும்.

300 கிராம் கூழை அகலமான அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே 200 கிராமாக வற்றவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கரண்டியால் நடுவில் கோடு போட்டால் கோடு ஒரு நொடி நின்று மூட வேண்டும், அதுதான் பதம். கொதிக்கும்போது தெறிக்கும், பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள். முழுக்க ஆறிய பிறகே மாவில் சேருங்கள். சூடாகச் சேர்த்தால் பேக்கிங் பவுடர் கிண்ணத்திலேயே பொங்கி, அச்சுக்குள் போகும்போது சக்தி இருக்காது.

ரகத்தில் இமாம் பசந்தும் மல்கோவாவும் நாரே இல்லாமல் வெண்ணெயாக இருக்கும். விலை கட்டுப்படி ஆகாவிட்டால் செந்தூரா எடுத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கிளிமூக்கு இனிப்பில் கொஞ்சம் பின்தங்கினாலும் கெட்டிச் சதை, அதனால் பிற்பாடு துண்டு போடும் கட்டத்துக்கு அதுதான் வசதி. நாட்டு மாம்பழம் சப்பிச் சாப்பிடத்தான், இதற்கு வேண்டாம்.

ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சில் சாற்றை நம்பாதீர்கள். மணம் முழுக்கத் தோலின் மேல்படலத்தில்தான் இருக்கிறது. பழத்தை உரிப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பொடித் துருவியில் ஆரஞ்சு நிறத்தை மட்டும் உரசி எடுங்கள். தொளதொளத்த தோல் என்பதால் அழுத்தினால் வெள்ளைப் பகுதியும் வந்துவிடும், அது கசப்பு. இரண்டு பழத்தின் துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி வாசனை கிளம்பும். வாழைப்பழக் கலவையில் இதைச் சேர்த்தால் வாழை வாசனை பிடிக்காத பிள்ளையும் சாப்பிடும்.

கொய்யாவை வேகவைத்து விதை போகச் சலித்து, மாம்பழம் போலவே வற்றவிடுங்கள். பலாச்சுளையை ஆவியில் வேகவைத்துப் பொடியாக நறுக்காமல் போட்டால் நார் பல்லில் மாட்டும்; முதல் கட்டத்தில் பலாவைத் தொடாமல் இருப்பதே நல்லது. பேரிக்காயைத் தோல் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழிந்த பிறகு எடை போடுங்கள். அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகத் தயிரில் கலந்தால் அவற்றில் உள்ள நொதி தயிரின் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை. நாவல்பழம் வேண்டவே வேண்டாம் என்றில்லை, ஆனால் அதன் ஊதா நிறம் ஆப்ப சோடா பட்டால் சாம்பல் கலந்த நீலமாகும். நிறம் பார்க்கும் பிள்ளைக்கு அதைக் காட்டாதீர்கள்.

ஏற்காட்டில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டை எண்ணெயில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்று பலர் செய்து பார்க்கிறார்கள். மெத்தென்றுதான் வரும். ஆனால் உள்ளே பச்சை தெரியும்.

5. அடுப்பு முதலில், மாவு பிறகு

பழம் தயாரானதும் அடுத்த வேலை ஓடிஜி என்னும் சின்னக் கரண்ட் ஓவனைப் போடுவது. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 180 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம். மாலையில் வோல்டேஜ் குறையும் தெரு என்றால் 20 நிமிடம். பச்சை விளக்கு அணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால், உங்கள் ஓடிஜி 180 என்று காட்டும்போது உள்ளே 160தான் இருக்கிறதா என்று ஒரே நாளில் தெரிந்துபோகும்.

அடுப்பு சூடாகும் முன் மாவைக் கலந்துவிட்டுக் காத்திருப்பது மிகப் பரவலான தவறு. சோடாவும் தயிரும் சேர்ந்த நொடியில் இருந்து காற்று வெளியேறத் தொடங்கிவிடுகிறது. சேலம் வெயிலில் அது இன்னும் வேகம். கலந்த பத்து நிமிடத்துக்குள் அச்சு உள்ளே போய்விட வேண்டும்.

அச்சில் காகிதக் கப் போட்டு, அதன் உள்பக்கமும் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். மலிவான காகிதம் மஃபினின் பாதியைப் பிய்த்துக்கொண்டு வரும்; பிய்ந்த பண்டத்தைத் தொடாத பிள்ளைகள் நிறைய.

6. உலர்ந்தவை ஒரு கிண்ணம், ஈரமானவை ஒரு கிண்ணம்

மைதா, பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா ஈரத்தில் கட்டி பிடிக்கும் சாமான். சலிக்காமல் போட்டால் ஒரு மஃபினில் மட்டும் பழுப்புப் புள்ளியாக நின்று சோப்பு மாதிரி கசக்கும். பத்தில் ஒன்பது நன்றாக இருந்து, அந்த ஒன்று குழந்தை கையில் போனால் எல்லாம் வீண்.

இன்னொரு கிண்ணத்தில் முட்டையையும் சர்க்கரையையும் ஒரு நிமிடம் நன்றாக அடியுங்கள். எண்ணெய், தயிர், வெனிலா, கடைசியாகப் பழக் கூழ். இந்தக் கிண்ணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், மாவு இன்னும் சேரவில்லை. உங்கள் கைவேகத்தை எல்லாம் இங்கேயே காட்டிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த படியில் கையைக் கட்டிப்போட வேண்டும்.

7. கலப்பது: பன்னிரண்டு திருப்பு, அவ்வளவுதான்

இட்லி மாவு கரைத்துப் பழகிய கைக்கு இந்த இடம்தான் கஷ்டம். கட்டி தெரிந்தால் கரைக்காமல் விட மனம் வராது. இங்கே விட வேண்டும்.

உலர்ந்த மாவு முழுவதையும் ஈரக் கலவையின் மேல் ஒரே தடவையில் கொட்டுங்கள். அகலமான கரண்டியைக் கிண்ணத்தின் ஓரமாக அடிவரை இறக்கி, கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து மடியுங்கள். ஒவ்வொரு திருப்புக்கும் கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள். எட்டுத் திருப்பில் வெள்ளைக் கோடுகள் ஆங்காங்கே நிற்கும். பன்னிரண்டில் அவை மறையும். பதினைந்துக்கு மேல் போகாதீர்கள். கடுகளவு கட்டிகள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். வேகும்போது ஈரம் ஊறி அவை கரைந்துவிடும்.

அதிகம் கலக்கினால் மைதாவின் பசை இழுபட்டு இறுகும். வெந்த மஃபினை நீளவாக்கில் பிளந்து பாருங்கள்: அடியில் இருந்து உச்சி நோக்கிப் புழு துளைத்த மாதிரி நீள நீளமான ஓட்டைகள் ஓடும். மேலே கூம்பாக உச்சி வரும். கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். சரியாகக் கலந்ததை விரலால் இரண்டாகப் பிரித்தால் உதிரி உதிரியாக, ஓட்டைகள் சின்னதாகவும் சீராகவும் இருக்கும். இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி கரண்டியைச் சுழற்ற மாட்டார்கள்.

மாவு கரண்டியில் இருந்து தொப்பென்று விழ வேண்டும், தோசை மாவு போல வழியக்கூடாது. வழிந்தால் பழத்தில் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். இரண்டு டேபிள்ஸ்பூன் மைதா தூவி இரண்டே திருப்பு. அடுத்த முறை பழத்தை இன்னும் வற்றவிடுங்கள்.

பிள்ளைக்குக் கரண்டி பிடிக்க ஆசை இருந்தால் மாவு சலிக்கவோ காகிதக் கப் அடுக்கவோ கொடுங்கள். தான் கை வைத்ததை ஒரு கடி கடித்துப் பார்க்கும் மனம் தானாக வரும். இந்தப் படியில் மட்டும் வேண்டாம்: "ஒரு சுத்து மட்டும், கண்ணு" என்று கொடுத்தால் இருபது சுற்று ஆகிவிடும்.

8. அச்சில் போட்டு வேகவைப்பது

சின்ன அச்சு ஒன்றுக்கு 28 கிராம், சாதாரண அச்சு ஒன்றுக்கு 60 கிராம். அச்சை எடை மெஷின் மேல் வைத்தபடியே போட்டால் எல்லாம் ஒரே அளவு. கூட்டிக் குறைத்துப் போட்டால் சின்னது காய்ந்திருக்கும்போது பெரியது நடுவில் வெந்திருக்காது. அச்சில் காலியிடம் மிஞ்சினால் அந்தக் குழியில் அரைவாசி தண்ணீர் ஊற்றி வையுங்கள், வெற்றுக் குழி காய்ந்து பக்கத்துக் குழியைத் தீய்க்காது.

நடுத் தட்டில் வைத்து, சின்னதற்கு 12 முதல் 14 நிமிடம், சாதாரணத்துக்கு 20 முதல் 22 நிமிடம். முதல் முக்கால் நேரத்துக்குக் கதவைத் திறக்காதீர்கள். எழும்பி நிற்கும் மாவு இன்னும் இறுகியிருக்காது, சூடு இறங்கினால் நடுவில் குழி விழும். நடுவில் கரண்ட் போனாலும் கதவை மூடியே வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். கனமான ஓடிஜி அதுவரை ஓரளவு சூட்டைத் தாங்கும்.

வெந்ததா என்று பார்க்க இரண்டு சோதனையும் செய்யுங்கள். உச்சியை விரலால் மெல்ல அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். பல்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது, இரண்டு மூன்று துகள் ஒட்டலாம். பழ மஃபினில் குச்சியை மட்டும் நம்பினால் பழக் கூழ் பட்டு வேகாதது போலத் தோன்றும், நீங்களும் காயவிட்டுவிடுவீர்கள்.

ஓடிஜி இல்லாத வீட்டில் பழைய அலுமினிய குக்கர் போதும். அடியில் ஒன்றரை டம்ளர் தூள் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வையுங்கள். மூடியில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிடுங்கள். இது மறந்தால் ஆபத்து, அதனால் அடுப்பு பற்றவைக்கும் முன்னே இரண்டையும் எடுத்து மேடையில் கண்ணெதிரே வைப்பது நல்லது. நடுத்தர தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, எண்ணெய் தடவிய சின்ன ஸ்டீல் கிண்ணங்களில் பாதிக்குச் சற்று மேலே மாவு போட்டு உள்ளே வைத்து, தீயைச் சிம்மில் வைத்து 25 நிமிடம். மேல்பக்கம் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். மேல் தோல் கடினமாக இருந்தால் ஒதுக்கும் பிள்ளைக்கு இதுவே வசதி. ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு நாலைந்து கிண்ணம்தான் கொள்ளும் என்பதால் மாவைப் பாதி அளவில் கலந்துகொள்ளுங்கள். இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்த மாவு எழும்பாது.

9. ஏற்காட்டில் செய்பவர்களுக்கு

சேலம் ஊர் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில். ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் ஏறினால் அதே செய்முறை வேறு மாதிரி நடந்துகொள்ளும். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் கிளம்பும் வாயு அதிகமாக விரியும். மாவு இறுகுவதற்குள் உச்சிக்குப் போய்ப் பொத்தென்று அமரும். தண்ணீரும் 95 டிகிரி பக்கத்திலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் போகும்.

அதனால் பேக்கிங் பவுடரை ஒன்றேகால் டீஸ்பூனாகக் குறையுங்கள். சர்க்கரை 70 கிராம் போதும், அது குறைந்தால் மாவு சீக்கிரம் இறுகும். தயிரை இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். சூட்டை 190 டிகிரி வைத்து, சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே சோதித்துப் பாருங்கள்.

குளிர்காலக் காலையில் முட்டையும் தயிரும் ஜில்லென்று இருக்கும். வெண்ணெய் உருக்கிச் சேர்ப்பவர்களுக்கு அது கிண்ணத்திலேயே மணி மணியாக உறைந்துபோகும். எண்ணெய்க்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் முட்டையை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுங்கள்.

10. ஆறவைப்பதும் எடுத்து வைப்பதும்

அச்சில் ஐந்து நிமிடம், பிறகு வெளியே. அச்சிலேயே ஆறவிட்டால் ஆவி அடியில் தண்ணீராகி, அடிப்பக்கம் நசநசக்கும். கம்பித் தட்டு இல்லாவிட்டால் பெரிய சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். காகிதத்தை உரிக்க அரை மணி நேரம் பொறுங்கள், சூட்டில் உரித்தால் பிய்யும்.

டிபன் பாக்ஸில் கொடுப்பதென்றால் முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். வெதுவெதுப்பாக மூடிய டப்பாவில் மூடி முழுக்க வியர்த்து, பதினோரு மணிக்குப் பிள்ளை திறக்கும்போது மேல் தோல் பிசுபிசுவென்று ஒட்டும். காலையில் நன்றாக இருந்ததைப் பள்ளியில் இருந்து அப்படியே திருப்பிக் கொண்டுவரும் காரணம் பலமுறை இதுதான்.

கோடையில் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது. பழ ஈரம் இருப்பதால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஃபிரிட்ஜில் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறியதும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் இருக்கும். சூடாக்க மைக்ரோவேவில் 20 நொடி, அல்லது தோசைக்கல்லைச் சிம்மில் வைத்து மூடி போட்டு நான்கு நிமிடம். இட்லிப் பானையில் வைக்காதீர்கள், நனைந்துபோகும்.

11. குழந்தைக்குக் கொடுப்பது, பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவது

முதல் தடவை, ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடும் ஏதாவது ஒன்றோடு தட்டில் ஒரே ஒரு சின்ன மஃபின் வையுங்கள். பசித்திருக்கும் நேரம் நல்லது, பள்ளி விட்டு வந்த உடனே என்றால் இன்னும் நல்லது. "ஒரு வாய் சாப்பிடு சாமி" என்று கெஞ்சவும் வேண்டாம், சாப்பிட்டால் டிவி என்று பேரம் பேசவும் வேண்டாம். நீங்கள் ஒன்றை எடுத்துச் சாப்பிடுங்கள். தொட்டுப் பார்த்து வைத்துவிட்டாலும் அன்றைக்கு அது போதும். புதுப் பண்டம் ஒன்று பழகப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட வேண்டிய பிள்ளைகள் உண்டு. ஃப்ரீசரில் தனித்தனியாகச் சுற்றி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்: தினமும் ஒன்று எடுக்கலாம், வீணாகாது.

உள்ளே பழம் இருப்பதை மறைக்காதீர்கள். கேட்டால் "வாழைப்பழம் மசிச்சுப் போட்டிருக்கு" என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் சாப்பிட்டுப் பிறகு தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த நாள் தோசையையும் பிரித்துப் பார்க்கும்.

தொடர்ந்து இரண்டு முறை முழுசாகச் சாப்பிட்ட பிறகே எதையாவது மாற்றுங்கள். அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டுக் கோதுமை மாவு சேர்ப்பது ஒரு மாற்றம். சர்க்கரையில் 10 கிராம் குறைப்பது ஒரு மாற்றம். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டு, பிள்ளை ஒதுக்கினால் எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு நோட்டில் தேதி, பழத்தின் ரகம், எடை, என்ன மாற்றினீர்கள், எத்தனை சாப்பிட்டது என்று எழுதி வையுங்கள். கோதுமை பாதிக்கு மேல் போகும்போது தயிரை ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், தவிடு தண்ணீர் இழுக்கும். சர்க்கரையை 50 கிராமுக்குக் கீழே இறக்க வேண்டாம். இனிப்புக்காக மட்டும் இல்லை, மஃபினின் மென்மையும் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. நாட்டுச்சர்க்கரைக்கு மாறுவதும் தனி மாற்றம், ஏனென்றால் நிறம் அடியோடு மாறும்.

துண்டு பழம் கடைசி. அதை மாவில் கலக்காமல், அச்சில் ஊற்றிய பிறகு மேலே வையுங்கள். எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும், வேண்டாமென்றால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடும். உள்ளே ஒளிந்திருக்கும் துண்டுதான் பயம். கிளிமூக்கு மாம்பழத்தைத் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து, அரை டீஸ்பூன் மைதாவில் புரட்டி, ஒரு மஃபினுக்கு மூன்று துண்டு வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் துண்டைச் சுற்றி மாவு வேகாமல் பிசுபிசுக்கும். முந்திரி, பாதாமை நாலைந்து வயது வரை முழுசாக வைக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும், பொடித்துத் தூவலாம்.

மூன்று துண்டையும் எடுத்துப் போடாமல் சாப்பிட்ட நாளுக்கு அடுத்த முறை, இரண்டை மேலே வைத்து ஒன்றை மட்டும் மாவுக்குள் பாதி அமுக்கி, முனை வெளியே தெரியும்படி விடுங்கள்.